37 நோட்டுகளுக்குப் பூசணம் பிடிக்கிறது. ஒன்றிலும் எழுதக் கை வரவில்லை

மலையடிவாரம் (பினாங்கு):

போன சனிக்கிழமை அலமாரியைத் துடைக்கலாம் என்று கதவைத் திறந்தேன். நனைந்த சாக்கு வாடை முகத்தில் அடித்தது. பின்பக்கப் பலகை சில்லென்று ஈரமாக இருந்தது. அதை ஒட்டித்தான் என் நோட்டுப் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தேன். எல்லாவற்றையும் அள்ளிவந்து கூடத்தில் பாய் விரித்துப் பரப்பி எண்ணினேன். முப்பத்தேழு. எழுதி முடித்தது ஒன்றுகூடக் கிடையாது.

நான் பட்டர்வொர்த்தில் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலையில் ஆயர் ஈத்தாமிலிருந்து 204ஆம் எண் பஸ் பிடித்துப் படகுத்துறை, அங்கிருந்து படகில் அக்கரை. மாலையில் திரும்பும்போது கொம்தாரில் இறங்கி ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். எழுதுபொருள் கடை கண்ணில் பட்டால் கால் தானாக நின்றுவிடும். கோடு போட்டது இருக்கிறதே என்று கட்டம் போட்டதை வாங்குவேன். கட்டம் இருக்கிறதே என்று புள்ளி வைத்ததை வாங்குவேன். லெபோ சூலியாவில் வாங்கிய பச்சைத் துணி அட்டை நோட்டு ஒன்று இருக்கிறது. நூலால் தைத்த முதுகு, விரித்தால் படுத்துக்கொள்ளும், தாள் வெண்ணெய் நிறம். அதன் விலையை அம்மாவிடம் பாதியாக்கித்தான் சொன்னேன். ஆறு வருடமாக அதை அடிக்கடி எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுகிறேன்.

நாளுக்கு ஒரு பக்கம் என்று அச்சிட்ட ஜப்பானிய டைரியும் உண்டு, 2019ஆம் ஆண்டுக்கானது. ஜனவரி 1 முதல் 9 வரை அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். 10ஆம் தேதிப் பக்கத்தில் ‘இன்று’ என்ற ஒரே சொல். அதற்குப் பிறகு 355 வெள்ளைப் பக்கங்கள்.

இதற்கு நேர்மாறு என் அம்மா. வயது 74. அவரிடம் ஒரு பிஸ்கட் தகர டப்பா இருக்கிறது. அது நிறைய, உள்ளங்கையில் அடங்கும் ‘555’ என்ற பெயர் கொண்ட நோட்டுகள். மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மலாய்க்காரர்கள் ‘புக்கு தீகா லீமா’, அதாவது மூன்று ஐந்து நோட்டு என்பார்கள். அந்தப் பெயரைச் சொன்னாலே கடன் என்று பொருள். சிறு வயதில் மளிகைக்கடைக்கு அதைக் கொண்டுபோய்த்தான் அரிசியும் மைலோவும் வாங்கி வருவோம். அப்பா சம்பளம் வாங்கிய அன்று கடைக்காரர் கூட்டிப் பார்த்துக் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். கடன் காலம் போய்விட்டது, அம்மா 555-ஐ விடவில்லை. இந்த ஆண்டு நோட்டில் ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன் (முதலில் இருப்பது ரத்த அழுத்தம், வெள்ளி என்பது ரிங்கிட்):

மார்ச் 3. 138/82. கெம்போங் மீன் அரைக் கிலோ 9 வெள்ளி. கேஸ் தோம்பு மாற்றியது. சின்னவள் போன் செய்யவில்லை.

கூடத்தில் நான் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, “நோட்டை வாங்கி வாங்கிப் பூட்டி வைக்கிறாயே, அது என்ன நகையா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

பதினோரு நோட்டுகளின் ஓரத்தில் பழுப்புப் புள்ளிகள் விழுந்துவிட்டன. இரண்டில் வெள்ளிப்பூச்சி அட்டையைச் சுரண்டியிருக்கிறது. இவற்றை எப்படிக் காப்பாற்றுவது? அதைவிட முக்கியம், நல்ல நோட்டில் முதல் பக்கத்தை எப்படித் தொடங்குகிறீர்கள்? ‘மனத்தில் தோன்றுவதை எழுதுங்கள்’ என்று யாரும் சொல்ல வேண்டாம். ஒன்றும் தோன்றாததால்தான் இங்கே கேட்கிறேன்.


பேரேடு (கோலாலம்பூர்):

தங்கச்சி, கணக்குப் பிரிவில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே என்று முதலில் சிரித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும்.

நான் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் 31 ஆண்டுகள் கணக்குப்பிள்ளையாக இருந்தவன். கணினி வந்த பிறகும் கையேட்டை விடாத கடைசி ஆள் நானாகத்தான் இருப்பேன். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் லெபோ அம்பாங்கில் வட்டித் தொழில் நடத்திய செட்டியார் கிட்டங்கியில் கணக்கெழுதிப் பழகிய பெரியவர். முதல் நாளே அவர் இரண்டு ஏடுகளை முன்னால் போட்டார். ஒன்று குறிப்பேடு, மற்றது பேரேடு. நடந்ததை நடந்த வரிசையில், நடந்த உடனே எழுதுவது குறிப்பேடு. அதிலிருந்து ஒவ்வொரு பெயரின்கீழும் எடுத்துப் பதிவது பேரேடு. குறிப்பேட்டில் அடித்தல் திருத்தல் இருக்கும், டீக்கறை இருக்கும், வாடிக்கையாளர் கத்திக்கொண்டிருக்கும்போது கிறுக்கிய கிறுக்கல் இருக்கும். பேரேட்டில் அது எதுவும் வரக்கூடாது. அதைக் கடை சாத்திய பிறகு, கை கழுவி, உட்கார்ந்து எழுத வேண்டும்.

உங்களிடம் இருக்கும் 37-உம் பேரேடுகள். குறிப்பேடு ஒன்றுகூட இல்லை. பதியக் கையில் ஒன்றும் இல்லாமல் பேரேட்டை விரித்து வைத்துக்கொண்டால், பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஜனவரி 10ஆம் தேதி ‘இன்று’ என்று எழுதி நின்றது அதனால்தான். உங்கள் அம்மாவிடம் ஒரு 555 கடன் வாங்குங்கள். கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். படகில், பஸ்ஸில், மதியச் சாப்பாட்டு வேளையில் கண்ட கழுதையை எல்லாம் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை அதை எடுத்துவைத்து, வைத்துக்கொள்ளத் தகுந்ததை மட்டும் நல்ல நோட்டில் பதியுங்கள். வாரத்துக்கு ஒரு பக்கம் வந்தால் போதும். பத்து வரி எழுதி இரண்டு வரி தேறினாலும் நட்டமில்லை.

முதல் பக்கத்தைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் கடையில் புதுக்கணக்கு ஏடு வந்தால் முதலில் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவோம். மேலே நடுவில் பிள்ளையார் சுழி. பிறகு முதல் வரியில் ஒரு வரவு, ஒரு வெள்ளியாக இருந்தாலும் சரி. செலவை முதல் வரியில் எழுத முதலாளி விடமாட்டார். அது பக்தி என்றுதான் பல காலம் நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மஞ்சள் பட்ட கணமே ஏடு அழுக்காகிவிடுகிறது. சுழி போட்டதும் முதல் எழுத்தும் எழுதியாகிவிட்டது. ‘என்ன எழுதுவது’ என்று திகைக்க இடமே இல்லாமல் இரண்டாம் வரிக்கு வந்துவிடுகிறோம்.

விஜயதசமி வரை காத்திருக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சரஸ்வதி பூஜையில் ஏட்டை அடுக்கி வைத்து, அன்று தொடாமல் இருந்து, மறுநாள் எழுதுவது நல்ல வழக்கம்தான். ஆனால் ஆறு வருடமாகத் தொடாமல் வைத்திருப்பவருக்கு அந்த ஒரு நாள் விரதம் தேவையில்லை.


நீலமை (கோலாலம்பூர்):

அக்கா, ஐயா சொன்னதற்கு மேல் எழுதும் முறையைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. நோயாளிகளைப் பார்ப்போம்.

வெயிலில் காயவைக்காதீர்கள். நம் ஊரில் எல்லோரும் செய்யும் முதல் தவறு அதுதான். தாள் வளைந்துவிடும், அட்டை நிறம் மங்கும், முதுகில் இருக்கும் பசை காய்ந்து விரிசல் விடும். நிழலில் மின்விசிறிக்குக் கீழே, பக்கங்களை விசிறிபோல் விரித்து நிற்க வையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, வீட்டுக்கு வெளியே போய், மென்மையான தூரிகையால் பூசணத்தைத் தட்டுங்கள். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் பூசணம் உள்ளே இறங்கிவிடும். பழுப்புப் புள்ளிகள் போகாது. அவற்றை மறந்துவிடுங்கள்.

வெள்ளிப்பூச்சிக்குத் தேவை பசையும் மாவுச்சத்தும். நோட்டின் அட்டையில் இரண்டும் உண்டு. அந்த இரண்டு நோட்டையும் காற்றுப் புகாத பையில் போட்டு, குளிர்பெட்டியின் உறைபகுதியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வரும்வரை அரை நாள் அப்படியே இருக்கட்டும். இல்லையென்றால் நம் காற்றில் உள்ள ஈரம் முழுவதும் சில்லிட்ட தாளில் வியர்த்துவிடும்.

பினாங்கானாலும் கோலாலம்பூரானாலும் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. 65-ஐத் தாண்டினாலே பூசணத்துக்குக் கொண்டாட்டம். ஆகவே அலமாரிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளை வைத்தாலும், சுவர் ஈரமாக இருக்கும்வரை அது கடலில் கரண்டி போடுவதுதான். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். சுவர் ஏன் நனைகிறது என்று பாருங்கள். மணி வாங்கினால் ஆரஞ்சு நிறத்தில் இருப்பதை வாங்குங்கள். நீல மணிகளுக்கு நிறம் தருவது கோபால்ட் குளோரைடு. வீட்டில் புழங்க அது வேண்டாம்.

உங்கள் ஜப்பானிய டைரி ஹோபோனிச்சியாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். உறைபோட்டு ஒரு கைப்பைக்குள் அடங்குகிற ஏ6 அளவா? அப்படியென்றால் அதன் தாள் டோமோயே ரிவர், சதுர மீட்டருக்கு 52 கிராம். அலுவலக நகல் தாள் 80 கிராம் வரும். இவ்வளவு மெல்லிசாக இருந்தும் மைப்பேனாவின் மை அதில் பரவாது, மறுபக்கம் ஊறாது. ஆனால் காய நேரம் எடுக்கும். மழை நாளில் எழுதிவிட்டு உடனே மூடினால் எதிர்ப்பக்கத்தில் உங்கள் எழுத்து கண்ணாடியில் பார்த்ததுபோல் பதிந்திருக்கும். நான் ஒரு உறிஞ்சுதாளை நடுவில் செருகி வைத்திருக்கிறேன். அம்மாவின் 555-இல் மைப்பேனாவைத் தொடக்கூட வேண்டாம். எண்ணெய் மைப் பந்துமுனைப் பேனாதான் அதற்கு ஏற்றது.

2019 டைரியில் மீதமுள்ள பக்கங்களை என்ன செய்வதென்று குழம்ப வேண்டாம். தேதியை அடித்துவிட்டு எழுதுங்கள். ஜப்பானிய விடுமுறை நாட்கள்தானே அச்சிட்டிருக்கின்றன, நமக்கு அவற்றால் என்ன பயன்? தைப்பூசத்தையும் ஜூலை 7-இல் வரும் உங்கள் ஜார்ஜ் டவுன் பாரம்பரிய தின விடுமுறையையும் எப்படியும் நாம்தான் கையால் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒரு துணுக்கு. ரைடர் கரோல் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் 2013-இல் புல்லட் ஜர்னல் என்ற குறிப்பெழுதும் முறையை வெளியிட்டார். வண்ணத் தாள், ஒட்டுப்படம் என்று இன்று அதற்குச் செய்யும் அலங்காரம் எதுவும் அவர் முறையில் இல்லை. வேலைக்கு ஒரு புள்ளி, நிகழ்ச்சிக்கு ஒரு வட்டம், குறிப்புக்கு ஒரு சிறு கோடு. மாதம் முடிந்ததும், முடியாத வேலைகளைக் கையால் அடுத்த மாதத்துக்கு எடுத்து எழுத வேண்டும். எடுத்து எழுதச் சோம்பலாக இருக்கிறதா, அந்த வேலையையே விட்டுவிடலாம். பேரேடு ஐயாவின் பெரியவர் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்கிறேன்.


வேன் எண் 2 (செலாயாங்):

பேனாவைப் பற்றிப் பேச்சு வந்ததால் என் கதையையும் கேளுங்கள்.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறேன். 22 பிள்ளைகள். யார் எந்த மாதம் கட்டணம் கட்டினார்கள், யார் பாதி கொடுத்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். அடித்து அடித்து எழுதினால் அசிங்கமாக இருக்கிறது என்று, பின்பக்க ரப்பரால் தேய்த்தால் எழுத்து மறையும் பேனா ஒன்றை வாங்கினேன். அருமையாக இருந்தது. மே மாதம் ஒரு நாள், பிள்ளைகளை இறக்கிவிட்டு, வேனை வெயிலில் நிறுத்தி, நோட்டை முன்கண்ணாடிக்குக் கீழே போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து திறந்து பார்த்தால் நோட்டில் ஒன்றுமில்லை. ஐந்து மாதக் கணக்கு. கோடுகள் இருக்கின்றன, எழுத்து இல்லை. யாரோ நோட்டை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்து இருக்கைக்கு அடியில் எல்லாம் தேடினேன். அட்டையில் என் மகன் ஒட்டிய கார் படம் அப்படியே இருந்தது.

படிவம் 3 படிக்கும் என் மகள்தான் விளக்கினாள். அந்த மை 60 பாகை செல்சியஸ் சூட்டில் நிறம் இழந்துவிடுமாம். ரப்பரால் தேய்க்கும்போது மறைவதும் தேய்த்த சூட்டினால்தான், ரப்பர் ஒன்றையும் சுரண்டி எடுப்பதில்லை. மூடிய வேனுக்குள் நண்பகல் வெயிலில் கண்ணாடிக்குக் கீழே 60 எல்லாம் ஒரு கணக்கா? நன்றாகக் குளிர்ந்தால் நிறம் திரும்பும் என்றாள். நீலமை தங்கச்சி சொன்னதுபோலவே பையில் போட்டு, உறைபகுதியில் ஆட்டிறைச்சிக்குப் பக்கத்தில் ஒரு இரவு வைத்தோம்.

காலையில் எழுத்து வந்துவிட்டது. என்ன கொடுமை என்றால், ஐந்து மாதமாக நான் அழித்தவையும் சேர்ந்து வந்துவிட்டன. மூன்று வீட்டுக் கணக்கில் பழைய தொகையும் புதிய தொகையும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. 80-ஆ 120-ஆ என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். பெற்றோரிடம் போய், ‘என் நோட்டு வெயிலில் மறந்துவிட்டது’ என்று எப்படிச் சொல்வது?

எந்த நோட்டில் எழுதினாலும் சரி அக்கா, பேனாவைப் பார்த்து வாங்குங்கள்.


பட்டுப்பெட்டி (பிரிக்ஃபீல்ட்ஸ்):

எல்லோரும் எழுது எழுது என்கிறீர்கள். எதற்கு எழுத வேண்டும்?

என்னிடம் 60 பட்டுப்புடவைகள் இருக்கின்றன. வருடத்துக்கு எட்டுத் தடவை கட்டினால் அதிகம். யாரும் என்னிடம் ‘கட்டி முடித்துவிட்டாயா’ என்று கேட்பதில்லை. பெட்டியைத் திறந்து, மடிப்பு மாற்றி மடித்து, வேப்பிலை போட்டு மூடுவதில் ஒரு சுகம் இருக்கிறது. அந்தப் பச்சை நோட்டை முகர்ந்து பார்ப்பதும் ஒரு பயன்பாடுதான், மலையடிவாரம். நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதை எழுத எங்கள் வீட்டில் சுவரில் குதிரைப் பந்தய நாட்களைக் குறித்த குதிரைக் காலண்டர் தொங்குகிறது. கட்டத்துக்குள் பால்காரர் கணக்கும் அடங்கும், மாமியாரின் மருத்துவமனைத் தேதியும் அடங்கும்.

ஒன்று மட்டும் சொல்வேன். பட்டானாலும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்துக் காற்றாட விட வேண்டும். ஆறு வருடம் சுவரோரம் அடைத்து வைத்தால் எதுதான் தாங்கும்?


மலையடிவாரம் (பினாங்கு):

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

முதலில் சுவர். அலமாரியை இழுத்துப் பார்த்தால், மேல்மாடிக் குளியலறைக் குழாய் எங்கள் சுவருக்குள் ஒழுகுவது தெரிந்தது. குழாய்க்காரரை வரவழைத்தோம். ஓட்டை போட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் வேலை, முன்பணம் 350 வெள்ளி என்றார். ரசீது கேட்டேன். ரசீதுப் புத்தகம் லோரியில் இல்லை என்றார். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே அம்மா என்னைப் பார்த்து, “உன்னிடம்தான் முப்பத்தேழு நோட்டு இருக்கிறதே, ஒன்றை எடுத்துவந்து எழுதிக் கையெழுத்து வாங்கு” என்றார்.

நோட்டுகள் எல்லாம் மின்விசிறிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தன. பழுப்புப் புள்ளி விழுந்த ஒன்றை எடுக்கத்தான் போனேன். கைக்கு எட்டியது பச்சை நோட்டு. பேரேடு ஐயா சொல்லியிருந்தபடி மஞ்சள் தடவி, சுழி போட்டு, முதல் வரியில் ஒரு வெள்ளி வரவு வைக்க அங்கே யாருக்கும் பொறுமை இல்லை. தேதி, தொகை, செய்ய வேண்டிய வேலை என்று நான் நின்றபடியே எழுத, அவர் கட்டைவிரலால் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். விரலில் ஈரச் சிமெண்டு. வெண்ணெய்த் தாளின் கீழ் மூலையில் ரேகை ரேகையாகச் சாம்பல் நிறத்தில் ஒரு பெருவிரல் காய்ந்திருக்கிறது. ஐயா, மஞ்சளுக்குப் பதில் சிமெண்டு செல்லுமா? முதல் வரியும் செலவாகப் போய்விட்டது.

அதன் பிறகு அந்த நோட்டு வீட்டு வேலை நோட்டாகிவிட்டது. குழாய் அளவு, சுவர் காய எத்தனை நாள், வண்ணப்பூச்சின் எண், மேல்மாடிக்காரரிடம் பேசிய பேச்சு என்று பதினான்கு பக்கம் ஓடிவிட்டது. கைப்பையில் 555-உம் இருக்கிறது. படகில் நின்றபடி எழுதுவதில் பாதி எனக்கே புரிவதில்லை; ஞாயிற்றுக்கிழமை பதிவதற்கு ஒன்றரை வரி தேறுகிறது.

மற்ற 36-இல் ஒன்பதை என் அக்காள் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். ஏழு தேறாது என்று விட்டுவிட்டேன். மீதியைப் பட்டுப்பெட்டி அம்மா சொன்னதுபோல் காற்றாட விட்டு, திரும்ப அடுக்கி வைத்திருக்கிறேன், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. நேற்று கொம்தாரில் இறங்கியபோது இன்னொன்று வாங்கினேன். அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

வேன் அண்ணே, அந்த மூன்று வீட்டுக் கணக்கு என்ன ஆயிற்று? 80-ஆ 120-ஆ?